இடது பக்கத்து அடுப்பு

"நீங்க இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கக் கூடாதுங்கய்யா. பேசவும் கூடாது. ஆபத்துன்னா நான் பாத்துக்கறேன்" என்று மதிவதனி சொன்னபோதே அடுப்படிக்கு எதிரே கூடத்தில் உட்கார்ந்திருந்த இராஜாங்கத்துக்குப் பயம் வந்துவிட்டது. பக்கவாதம் வந்தவர்களால் வீட்டு வேலைகளைத் தனியாகச் செய்ய முடிகிறதா என்று வீட்டுக்கே வந்து பார்க்கிற தெரபிஸ்ட் அவள். சிரித்த முகம். அந்தச் சிரிப்பு அவரை இன்னும் பயமுறுத்தியது.

பக்கவாதம் வந்த அவர் மனைவி அம்சவல்லிக்கோ ஒரு பயமும் இல்லை. என்ன சமைக்கப்போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "சோறு வடிச்சு, பருப்பு கடையறேன். நீ சாப்பிட்டுத்தான் போகணும்" என்று விருந்துக்கே அழைத்துவிட்டாள். இன்றைக்குத் தேறினால் அவள் இந்த வீட்டிலேயே இருக்கலாம். தேறாவிட்டால் மகள் குந்தவை பேராவூரணிக்குக் கூட்டிப்போய்விடுவாள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்காலை விட்டுவிட்டுப் பொழுதுக்கும் அவரால் வீட்டில் காவல் இருக்க முடியாது. மகள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் மகளின் தோப்பு வீட்டில் உட்காரவைத்துச் சோறு போட்டால் அம்சவல்லி ஒடுங்கிப்போவாள். அவள் இல்லாத இந்த வீட்டில் இவரும்தான்.

அவள் பார்வையில் குறையில்லை, மூளைதான் இடப்பக்கத்தை விட்டுவிடுகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தட்டில் வலப்பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவப்போவாள். இராஜாங்கம் பேச்சுக் கொடுத்தபடியே தட்டைத் திருப்பி வைப்பார். ஆஸ்பத்திரியில் கேட்டபோது, எல்லாம் அவளே செய்துகொள்கிறாள் என்று சொல்லிவிட்டார். உதவி என்று நினைத்துத்தான் செய்தார்.

அம்சவல்லி பழக்கத்தில் இரண்டு அடுப்பையும் பற்றவைத்தாள். வலது பக்கம் உலை, இடது பக்கம் பருப்பு. சோறு வெந்ததும் அடுப்பை அணைத்து, வடிதட்டை அழுத்திப் பிடித்துப் பானையைச் சாய்த்தாள். இடது கை நடுங்கியது. கொதிக்கிற கஞ்சி சரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கஞ்சி ஒரு சொட்டு சிந்தாமல் சட்டியில் இறங்கியிருந்தது. மதிவதனியே மூச்சு விட்டாள்.

அம்சவல்லி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். இடது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டாள் மதிவதனி.

"முடிஞ்சுது. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாளா நான்தானே பாக்கறேன்? இவர அடுப்படிப் பக்கமே விடறதில்ல. நான் வெளிய வந்ததும் தண்ணி குடிக்கிறேன்னு ஒருதரம் உள்ள போவாரு, அவ்வளவுதான்."

மதிவதனி அவரைத் திரும்பிப் பார்த்தாள். இராஜாங்கம் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வாய் தண்ணீர் குடிக்கப் போகலாம் என்றால் ஊரையே எழுதிக்கொடுத்துவிடுவார். அவள் தேறாமல் போவதைவிட, இத்தனை நாளும் இடது அடுப்பை யார் அணைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியப்போவதுதான் இப்போது பெரும் பயமாக இருந்தது.

முதலில் வாசனை வந்தது. பிறகு தீய்ந்த நாற்றம். மதிவதனி எழுந்து அடுப்படி நிலைப்படியில் போய் நின்றாள். ஆனால் அணைக்கவில்லை.

அம்சவல்லி மூக்கைச் சுளித்தாள். "யாரு வீட்டுலயோ பருப்பு அடிபிடிக்குதுங்க. அடுப்புல வெச்சத மறந்துட்டு என்னதான் பண்ணுவாங்களோ!"

சொல்லிவிட்டு வலப்பக்க ஜன்னலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தாள். அவளுடைய இடது தோளுக்குப் பின்னால் அடுப்படியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. இராஜாங்கம் நாற்காலியின் கைகளை இறுகப் பற்றியிருந்தார்.