அடைபடாத ஓட்டை

தோணி ஓட்டுகிற அடைக்கலசாமித் தண்டலுக்குக் கடலைக் கண்டு பயம் கிடையாது. பூரானைக் கண்டால்தான் பயம். கட்டுமாவடிக் கரையில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆளில்லை. சிரிக்கிறவர்களுக்கு என்ன போயிற்று? முன்பு ஒரு பயணத்தில் அவருடைய தோணியின் பின்னறையில் படுத்திருந்த மகள் அருள்ராணியைப் பூரான் கடித்து, கால் வீங்கி, ஜன்னி கண்டு, அக்கரை சேர்வதற்குள் அவர் செத்துப் பிழைத்தார்.

இப்போது அவள் தாய்வீட்டில் பிள்ளை பெற்றுத் திரும்புகிறாள். யாழ்ப்பாணத்தில் மருமகன் பிள்ளை முகம் பார்க்கக் காத்திருந்தான். பச்சைப் பிள்ளை படுக்கிற அறையில் எறும்புகூட இருக்கக் கூடாது என்று தண்டல் ஒற்றைக்காலில் நின்றார்.

விடிந்ததும் சட்டியில் கரி நெருப்புப் போட்டு, கந்தகமும் வேப்பிலையும் தூவி, அறைக் கதவைச் சாத்தினார். திறந்தபோது கரப்பானும் சிலந்தியும் பூரானும் குவியலாய்க் கிடந்தன. கூட்டி அள்ளி, புகை முழுக்கப் போகும்வரை காற்றாட விட்டார். பிறகு பலகை இடுக்கு ஒன்று விடாமல் தேங்காய் நாரைத் திணித்து, மேலே குங்கிலியம் பூசினார்.

"தீச்சட்டியக் கடல்ல கொட்டிரவா, தண்டல்?" என்று கேட்டான் பாய் கட்டுகிற இருளாண்டி.

"பயணம் கெளம்புற தோணியில தீய அவிக்கிறதா? நல்லாருக்குடா ஓம் புத்தி. சாம்பலப் போட்டு மூடி அறைக்குள்ள மூலையில வையி. தன்னால அவியட்டும்."

அந்தக் கரையில் எல்லாத் தோணிக்காரர்களும் அப்படித்தான். தோணியில் மூட்டிய நெருப்பைத் தண்ணீர் விட்டு அணைத்தால் போன தோணி திரும்பாது என்பார்கள். இருளாண்டியும் மறுபேச்சில்லாமல் சாம்பலைப் போட்டு மூடி வைத்தான். சட்டியில் புகையும் இல்லை, வாடையும் இல்லை.

அருள்ராணி உள்ளே வந்து உத்தரத்தில் தூளி கட்டினாள். "அப்பா, தூளிக்கு மேல பக்கப் பலகையில ஒரு ஓட்ட இருக்கு பாருங்க. சிலந்தி எட்டிப் பாக்குது."

தண்டலுக்கு எரிச்சலாக வந்தது. நாரும் தீர்ந்துவிட்டது, பயணத்துக்குக் காற்றும் கூடிவிட்டது. "அக்கரைக்குப் போயி அடைச்சிர்றேன் தாயி. அது வந்தா தட்டிவிடு."

பாய் விரித்துக் கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைக்குச் சாரல் அடிக்கிறதென்று அருள்ராணி கதவை இழுத்துச் சாத்தினாள். கொட்டுகிற மழையில் சுக்கானைப் பிடித்து நின்ற தண்டலுக்கு மனசு குளிர்ந்திருந்தது. மகள் நனையாமல் படுத்திருக்கிறாள், ஒரு பூச்சி அவளை அண்டாது. அப்படி ஒரு நிம்மதி அவருக்கு வாய்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

உச்சிப் பொழுதில் மழை விட்டது. உள்ளே பிள்ளை சிணுங்குவது கேட்டது. தாய் சமாதானம் செய்கிற சத்தம் மட்டும் கேட்கவில்லை.

"அருளு, புள்ள அழுவுது பாரு."

சுக்கானை இருளாண்டி கையில் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்தார். பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், முகம் நல்ல சிவப்பாக. பிள்ளை பெற்ற அலுப்பு, தூங்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தார், பாவி மனுஷன். பக்கத்தில் குனிந்தபோது சாம்பல் சட்டி முழங்காலில் பட்டுச் சுட்டது; சாம்பலுக்கடியில் கரி இன்னும் கனன்றுகொண்டிருந்தது. அதன் பிறகுதான் அவள் மூக்கருகே கை வைத்துப் பார்த்தார்.

எவ்வளவு நேரம் அழுதார் என்று அவருக்கே தெரியாது. ஊரே சிரிக்க, என் கையாலேயே இண்டு இடுக்கெல்லாம் அடைத்து, கரி நெருப்பையும் உள்ளே வைத்து மகளைக் கொன்றுவிட்டேன் என்று மார்பில் அடித்துக்கொண்டார்.

பிள்ளை பிழைத்துக் கிடந்தது. தூளிக்கு மேலிருந்த ஓட்டை வழியாகக் கடல்காற்று நேராக அதன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த ஓட்டை வழியே இறங்கிய சிலந்தி தூளித் துணியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது.

தண்டல் அதைத் தட்டிவிடவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மற்ற இடுக்குகளில் இருந்த நாரை ஒவ்வொன்றாக நகத்தால் பிய்த்து எடுக்கத் தொடங்கினார்.