நீர்த்த அமிலத்தில் ஒரு கலசம்

குரங்கணிக்கு மேலே எங்களுக்கு ஒரு ஏலத்தோட்டம் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு ஒரு கோபுரக் கலசத்தை வாங்கப்போவதாக என் கணவர் சௌந்தரபாண்டியன் சனிக்கிழமை சாப்பிடும்போது சொன்னார். திங்கட்கிழமை பத்திரப்பதிவு. நான் ரசம் ஊற்றினேன்.

இடி விழுந்ததில் அந்தச் செம்புக் கலசம் இரிடியமாக மாறிவிட்டதாம். வெளிநாட்டில் ராக்கெட்டுக்குக் கேட்கிறார்களாம். சொன்னவர் தேவாரம் ஊர்த் தரகர் அருள்பாண்டி. ஏலக்காயை மோந்து பார்த்தே எந்தச் சரிவில் விளைந்தது என்று சொல்லிவிடுவார் என் கணவர். இடி விஷயத்தில் அவருக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை.

நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். வீட்டில் அதை யாரும் ஒரு தகுதியாக எடுத்துக்கொண்டதில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து திரும்பியபோது அருள்பாண்டி கலசத்தோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கக்கூஸ் கழுவும் ஆசிட் பாட்டில் ஒன்றும் கொண்டுவந்திருந்தார். கண்ணாடிக் கிண்ணம் ஒன்று கேட்டார். முதலில் தண்ணீரை ஊற்றி, அதில் ஆசிடை மெதுவாகச் சேர்க்கச் சொன்னேன். மரியாதையாகச் செய்தார்.

துத்தநாகம் பூசிய தகரத் துண்டைப் போட்டார். சோடா போலப் பொங்கியது. இரும்பு ஆணியைப் போட்டார். குமிழ்கள் யோசித்து யோசித்து ஏறின. இரண்டையும் எடுத்துவிட்டுக் கலசத்தின் அடிப்பாகத்தை இறக்கினார். ஒரு குமிழ்கூட வரவில்லை.

"பாத்தீங்களாண்ணே. மத்ததெல்லாம் கத்துது. இது ராஜா, வாயத் தொறக்காது."

செம்பும் அப்படித்தான், நீர்த்த ஆசிடிலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்ற அதனால் முடியாது என்று நான் விளக்கினேன். வருடா வருடம் கரும்பலகையில் எழுதுவதுதான். டீச்சர் சொல்வது புத்தகத்துச் செம்பு என்றார் அருள்பாண்டி. என் கணவர் தலையசைத்தார்.

எழுந்துபோய்த் தண்ணீர் மோட்டார் ரூமில் மிச்சம் கிடந்த ஒயரில் ஒரு துண்டை வெட்டி, மேலுறையைச் சீவி, செம்புக் கம்பியைக் கலசத்துக்குப் பக்கத்தில் போட்டேன்.

மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். தெருவில் ஒரு ஜீப்பு லோடு இறக்கிவிட்டுப் போனது. கம்பி சும்மா கிடந்தது.

"அப்ப இதுவும் இரிடியமா?" என்றார் என் கணவர். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. விளையாட்டாக அவர் எதையும் கேட்டதில்லை.

உண்மையை ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அதனால் பலன் ஒன்றும் இல்லை.

"ஆமாங்க. மோட்டார் ரூம்ல ஒரு சுருளே கெடக்கு."

அருள்பாண்டி இருமினார். "அண்ணே, ஒயர்ல இடி விழலயேண்ணே."

"விழாமலே வாயத் தொறக்கலயே மாப்ளே."

அருள்பாண்டி என்னைப் பார்த்தார். வெறும் செம்பும் இப்படித்தான் இருக்கும் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கலசமும் செம்புதான் என்று என் கணவருக்கு விளங்கிவிடும். அவர் சொல்லவில்லை. கலசத்தை எடுத்துத் துடைத்தார். ஆசிடில் மேலே படிந்த கறுப்பு போய், நனைந்த இடம் பளிச்சென்று சிவந்திருந்தது.

"நம்மகிட்ட இருக்குறதே போதும். தோட்டத்தக் குடுக்கல," என்றார் என் கணவர்.

திங்கட்கிழமை ஏலக்காய் எடுக்கிற பெண்களோடு ஜீப்பில் ஏறிக் குரங்கணிக்குப் போனார். போகும்போது மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விட்டார். அவர் திரும்பும்வரை பக்கத்து வீட்டிலிருந்து தண்ணீர் சுமந்தேன்.