ஆறு வேலைக்கு மேலே

சமூக சுகாதாரப் பணியாளர் சங்கத் தலைவிக்கு உட்காரவே வராது. பதினெட்டு வருஷமாக வீடு வீடாய் ஏறி இறங்கியவள். அவள் நடந்த தூரத்தை நீட்டிப் போட்டால் நிலாவுக்குப் போய், அங்கேயும் நாலு கதவைத் தட்டிவிட்டுத் திரும்பலாம். அப்படிப்பட்டவள் மூன்று நாளாகக் காலை பத்து மணிக்கே வீடு திரும்பினாள். உத்தரவு போட்டவளும் அவளேதான்.

அவர்களுடைய பணிப் பட்டியலில் இருப்பது ஆறு வேலை. செய்வதோ அறுபது. மீதியையும் எழுத்தில் ஏற்றி, முழுப் பணியாளராக அங்கீகரிக்கச் சொன்னதற்கு, "அதெல்லாம் உங்களை யாரும்மா செய்யச் சொன்னா?" என்றார் அதிகாரி.

"சரி, மூணு நாளைக்கு அந்த ஆறு மட்டும்தான். மத்தது நின்னாத்தான் அருமை தெரியும். ஒருத்தி மீறினாலும் நம்ம கோரிக்கை அம்போ!" என்று தலைவி சங்கத்தில் முழங்கிவிட்டாள்.

முதல் நாள் தரையைத் துடைத்தாள். இரண்டாம் நாளும் அதே தரை.

"போதும்டி, கீழ் வீட்டுக்காரர் சாப்பிடறது தெரியுது," என்றார் கணவர்.

மூன்றாம் நாள் பொறுக்கவில்லை. அடுத்த தெரு மாடியில் ஒரு தச்சர், காசநோய்க்காரர். மாத்திரை கொடுப்பது பட்டியலில் உண்டு. விழுங்கும்வரை எதிரே நின்று முறைப்பது இல்லை. முறைக்காவிட்டால் மாத்திரை ஜன்னல் வழியே போய்விடும். அந்த ஜன்னலடிக் காக்கைகளுக்கு உலகத்திலேயே சுத்தமான நுரையீரல்.

முகம் தெரியாமலிருக்கக் கணவரின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தச்சர் வீட்டுப் படியில் இன்னொரு ஹெல்மெட் இறங்கி வந்தது. உள்ளே சங்கச் செயலாளர். வாய் ஓயாததால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"இங்க என்னடி பண்றே?"

"நீங்க தலைவியாச்சே, மீற மாட்டீங்கன்னு நான் வந்தேன்க்கா. முழுங்கிட்டாரு. நாக்குக்கு அடியிலயும் பாத்துட்டேன்."

"அப்போ உன் ஏரியா?"

"அங்க எவளோ முக்காடு போட்டுட்டு வந்து என் சர்க்கரைக்காரம்மாவோட கால் புண்ணைப் பாத்துட்டுப் போயிருக்கா. நான் யாருன்னு கேக்கல, நீங்களும் கேக்காதீங்க."

மறுநாள் கூட்டத்தில் அதிகாரி பூரித்துப் போயிருந்தார். "மூணு நாள்ல ஒரு புகார்கூட வரல. ஆறே போதும்னு நீங்களே நிரூபிச்சிட்டீங்க. கோரிக்கைய முடிச்சிடலாமா?"

மேசைக்கடியில் தலைவியின் கால் தையல் மிஷின் மிதித்தது. பேசாமலிருந்தால் கோரிக்கை போச்சு. பேசினால் தன் மானம் போச்சு. எழுந்துவிட்டாள்.

"நான் மீறினேன் சார். தச்சரை மாத்திரை முழுங்க வைக்கப் போனேன். அதுக்குள்ள இவ முந்திட்டா."

ரேடியோ எழுந்தாள். பிறகு மூன்றாவது வரிசை மொத்தமும்.

"நான் பிரசவத்துக்கு வண்டி பிடிச்சேன்!"

"ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கடியில ஒளிஞ்சவரை வெளிய இழுத்தேன்!"

"நான் மாமியார் மருமக சண்டைய விலக்கினேன். அப்புறந்தான் குழந்தைக்குப் பால் கிடைச்சுது!"

"எழுதிக்குங்க," என்றாள் தலைவி, குமாஸ்தாவிடம். "ஒழுங்கு மீறலாச்சே, ஒண்ணு விடாம பதிவாகணும்."

ஐம்பத்துமூன்றாவது மீறலை எழுதியதும் குமாஸ்தா கையை உதறினார். "சார், இதை மீறல்னு எழுதறதா, வேலைன்னு எழுதறதா?"

"எப்படி வேணா எழுதுங்க," என்றாள் தலைவி. "அடியில சார் கையெழுத்து இருந்தாப் போதும்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புதுப் பட்டியலுக்குக் குழு போடறேன். உங்க பக்கம் ஒருத்தர் வரலாம்."

"பாதிப் பேர் நாங்க இருப்போம்."

"பாதியா!"

பின்வரிசையில் இன்னும் பதினேழு பேர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அதிகாரி அவர்களை ஒருமுறை பார்த்தார்.

"பாதின்னே போட்டுக்கய்யா," என்றார் குமாஸ்தாவிடம்.