உளுந்து டப்பாவில் தூக்கம்

எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் பணம் வாங்க மாட்டார். தூக்கமாகத்தான் கொடுக்க வேண்டும். எந்த நோய்க்கும் அதைத்தான் ஏற்றுவார். அதனால் என் நாய் சுண்டல் குட்டியாக வீட்டுக்கு வந்த அன்றே நான் மதியத் தூக்கத்தை மிச்சம் பிடிக்க ஆரம்பித்தேன். சாப்பிட்டதும் கண் சொக்கும். உடனே எழுந்து போய் அதை உளுந்து டப்பாவில் போட்டு மூடிவிடுவேன். நாய் வளர்க்கிறவளுக்கு முன்யோசனை வேண்டும்.

நேற்றிலிருந்து சுண்டலின் வயிறு வழியாகத் தரை தெரிந்தது. இன்று காலை முதுகு வழியாகவும் தெரிந்தது. வாலை ஆட்டியது. வாலைக் காணவில்லை, காற்று மட்டும் வந்தது. ஒரு கையில் நாய், ஒரு கையில் டப்பா என்று கிளம்பினேன்.

தெருமுனையில் பலகை இருந்தது. 'கால்நடை மருத்துவர், அடுத்த தெரு.' அடுத்த தெருவுக்குப் போனேன். அங்கேயும் அதே பலகை. அதற்கடுத்த தெருவிலும். எல்லாத் தெருவிலும் ஒரே இட்லி மாவுக் கடை திறந்திருந்தது.

ஆட்டோக்காரர் சந்தனராஜ் வண்டியை நிறுத்தினார்.

"டாக்டர் எந்தத் தெருண்ணா?"

"அடுத்த தெரு."

"அங்கதான் போய்க்கிட்டே இருக்கேன்."

"நீங்க போனா எப்படிம்மா? உள்ள உட்காருங்க. அது வரட்டும்."

உட்கார்ந்தோம். அவர் வண்டியைக் கிளப்பவில்லை. மீட்டரை மட்டும் போட்டார். கொஞ்ச நேரத்தில் அடுத்த தெரு மெதுவாக வந்து எங்கள் பக்கத்தில் நின்றது.

டாக்டர் இன்பஜோதி வாசலிலேயே இருந்தார். சுண்டலைத் தூக்கி, அதன் வழியாக என் முகத்தைப் பார்த்தார்.

"தூங்குதா?"

"இல்ல டாக்டர். ரொம்ப நாளா முழிச்சே கிடக்கு."

"அதான் வெளுத்துப் போச்சு. பொழுது சாயறதுக்குள்ள ஏத்தணும். இல்லன்னா கழுத்துப் பட்டைதான் மிஞ்சும்."

பெருமையாக டப்பாவை நீட்டினேன். மூடியைத் திறந்தார். தும்மினார்.

"இதுல என்ன போட்டீங்க?"

"காஞ்ச மிளகாய்."

"தூக்கத்துலயா?"

"வண்டு வந்துடக் கூடாதுன்னு."

அவர் டப்பாவை மூடித் திருப்பித் தந்தார். "அத்தனையும் காரம் ஏறிப்போச்சு. இதை ஏத்தினா நாய் ஊரைச் சுத்தி ஓடும்."

எனக்கு அழுகை வந்தது. எத்தனை மதியம் கண் எரிய எரிய உட்கார்ந்து சேர்த்தது! சுண்டல் என் கையை நக்கியது. நாக்கிலும் பாதிதான் பட்டது.

"வேற வழியே இல்லையா டாக்டர்?"

"இனிமே வரப்போற தூக்கம் இருக்குல்ல?"

"எவ்வளவு வேணும்?"

"சின்ன நாய். ரொம்ப வருஷம் இருக்கும். பூரா வேணும்."

"எடுத்துக்குங்க" என்றேன். யோசிக்கவில்லை. யோசித்தால் கொட்டாவி வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

என் நெற்றியில் கை வைத்தார். பிறகு சுண்டலின் நெற்றியில் வைத்தார். அவ்வளவுதான். முதலில் வால் வந்தது. அப்புறம் வயிறு வந்து தரையை மறைத்தது. சுண்டல் என் மடியில் பொத்தென்று சரிந்து குறட்டை விட்டது. அந்தக் கனம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இப்போது வீட்டில் இருக்கிறோம். சுண்டல் என் கட்டிலில் படுத்திருக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தூக்கத்தோடு என் கனவுகளும் அதனிடம் போய்விட்டன போல. அது முனகுகிறது, காலை உதறுகிறது. பரீட்சைக்கு மணி அடித்துவிட்டது, ஹாலைக் காணோம் என்று தவிக்கிறது. எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் தெரியும். எழுப்ப மனசு வரவில்லை.

அதன் காதருகே குனிந்து, "மாடிக்குப் போடா. இடது பக்கம், கடைசி ரூம்" என்றேன்.

அதன் கால்கள் படியேற ஆரம்பித்தன.