தொட விடாத கை

கீரிமலையில் பெண்கள் குளிக்கும் கேணிக்குள் நான் இறங்கியபோது, உதயகலாவின் நனைந்த இடக்கையில் தோலுக்கடியில் இரண்டு குச்சிகள் துருத்திக்கொண்டு தெரிந்தன. ஆறு வருடங்களுக்கு முன், வெளிநாட்டு உதவியில் நடந்த கிளினிக்கில், பிள்ளை தங்காதிருக்க அவற்றை வைத்துவிட்ட நர்ஸ் நான்.

என்னைக் கண்டதும் கிட்ட வந்தாள்.

"மிஸ்ஸி, நாலு வருஷத்துக்கு முன்னம் மகன் டெங்குக் காய்ச்சலிலை போனாப்பிறகு இதை எடுப்பிக்க ஓடி வந்தனான். கிளினிக் பூட்டிக் கிடந்தது."

உதவி நின்றுபோய், எங்களை ஒரே கிழமையில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரியிலை பத்து நிமிஷத்திலை எடுத்திருப்பினமே, உதயகலா!"

"வேறை ஆரையும் தொட விடாதேங்கோ, நாங்களே எடுப்பம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

சொன்னேன்தான். எடுப்பதும் உதவி தந்தவர்களுக்கு அனுப்பும் எங்கள் அறிக்கையில்தான் ஏறவேண்டும் என்று மேலிடத்தில் சொன்னார்கள். வெட்கங்கெட்டு முந்நூறு பெண்களுக்கு அதையே ஓதியவள் நான்.

அவள் கையை என் முன்னால் நீட்டினாள்.

"எனக்கு இப்ப நாப்பத்தஞ்சு. எடுத்தால் ஒண்டு தங்குந்தானே, மிஸ்ஸி?"

சுற்றிவரப் பெண்கள் கைகளைத் தூக்கித் தலைமயிரைப் பிழிந்துகொண்டு நின்றார்கள். நிமிர்ந்து அந்தக் கைகளைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.