பக்கத்து வீட்டுப் பந்தல்

என் வீட்டுக்காரர் வலது கையால் கடைசியாகச் செய்த வேலை, தக்காளிச் செடிகளைக் கம்போடு சேர்த்துக் கட்டியதுதான். பழைய துணியைக் கிழித்து, தண்டு பருக்க இடம் விட்டு, ஒவ்வொன்றுக்கும் தளர்வாக முடிச்சுப் போட்டார். மறுநாள் காலையில் பக்கவாதம் வந்து அந்தக் கை விழுந்துவிட்டது.

அவரை மருத்துவமனையிலிருந்து கூட்டி வந்தபோது செடிகள் சேற்றில் கிடந்தன. முடிச்சுகளைக் கத்தியால் அறுத்திருந்தார்கள். கம்புகள் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில், மீட்டர்காரரின் பாகல் பந்தலுக்குக் கால்களாக நின்றன. காலமெல்லாம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்ற மனுஷன். இப்போது எங்கள் வீட்டை அளப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

"கம்பெல்லாம் சுவர் தாண்டி இந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சும்மா. என் பக்கம் வந்தா அது என்னுது" என்றார், கூசாமல்.

பதிலுக்குக் கத்தியிருப்பேன். ஆனால் உள்ளே ஒருவர் அறுந்த துணி முடிச்சு ஒன்றை இடது கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்கு வாய்ச்சண்டை போதாது.

சுவரோரம் பூசணி விதை போட்டேன். கொடி நீண்டதும் சுவரில் ஏற்றி, மெல்ல அவர் பந்தல் பக்கம் திருப்பி விட்டேன்.

பூசணியைப் பந்தலில் ஏற்றுகிறவர்கள், காய் கனப்பதற்குள் ஒவ்வொன்றுக்கும் துணியில் தூளி கட்டுவார்கள். பந்தலும் திடமாக இருக்க வேண்டும். அவருடையதோ எங்கள் ஒல்லிக் கம்பும் மூங்கில் பிளாச்சும் சணல் கயிறும். பாகலைத் தாங்கும், பூசணியைத் தாங்காது. எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

காய் பிடித்ததும் சுவருக்கு மேல் தலை தெரிந்தது. "ஏம்மா, என் பக்கம் வந்தா..."

"உங்களுதுதான் சார். நல்லா சாப்பிடுங்க" என்றேன்.

பிஞ்சிலேயே பறித்திருந்தால் தப்பித்திருப்பார். ஆசை விட்டால்தானே! இன்னும் பெருக்கட்டும் என்று காத்திருந்தார். டேப் வைத்துச் சுற்றளவு எடுத்தார், தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "சம்பந்தி வர்றாங்க, தோட்டத்தப் பாத்து அசந்துடணும்" என்று என்னிடமே பீற்றிக்கொண்டார்.

சாயங்காலமானால் என் வீட்டுக்காரர் குழறிக் குழறிக் கேட்பார், "எவ்ளோ... பெருசு?" நான் கைகளை விரித்துக் காட்டுவேன். ஒரு பக்க உதட்டால் சிரிப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

சம்பந்தி வருகிற அன்று காலையில் மழை பெய்தது. பந்தல் மடமடவென்று முறிந்து விழுந்த சத்தம் அடுப்படி வரை கேட்டது. பூசணி, பாகல், பந்தல் காலில் மீட்டர்காரர் கட்டியிருந்த அவர் வீட்டுத் தக்காளிச் செடிகள், எல்லாம் ஒரே சேற்றில். ஓடிப்போய்ப் பார்த்தேன். கண் குளிர்ந்தது.

"உன் கொடியாலதாம்மா எல்லாம் போச்சு!" என்று கத்தினார்.

"உங்க பக்கம் வந்தது உங்களுதுதானே சார்?"

 மழையில் நனைந்தபடி, முறிந்த பிளாச்சுகளையும் சாய்ந்த செடிகளையும் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "இத்தனையும் திரும்பக் கட்டணுமேம்மா..."

"கட்டுங்க சார். உங்களுக்குத்தான் ரெண்டு கையும் நல்லா இருக்கே."