உடையும், கவனம்

திங்கட்கிழமை பெரிய ஓவன் வந்து இறங்கப் போகிறது. அதற்குள் கார் ஷெட்டைக் காலி செய்தாக வேண்டும். அந்த ஷெட்டுக்குள் கார் மட்டும் ஒருநாளும் போனதில்லை, மற்றதெல்லாம் போயிருந்தது. கார் பாவம், தெருவில் நின்று காக்கைகளின் ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

ஷெட் நிறைந்ததற்குப் பாதிக் காரணம் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலே ஏற்றிக் கீழே இறக்கிய மனுஷனுக்கு ஒரு துருப்பிடித்த ஸ்பிரிங்கைக் குப்பைக்கு இறக்க மனசு வராது. மாடி எண் போட்ட பட்டன்கள் மட்டுமே ஒரு வாளி நிறைய இருந்தன. மீதிப் பாதிக்குக் காரணம் அவர் மனைவி. ஆர்டருக்குக் கேக் செய்து கொடுப்பதால் தெருவில் அவள் பெயர் கேக்காரம்மா. நசுங்கிய தட்டு, மூடி தொலைந்த டப்பா, டப்பா தொலைந்த மூடி என்று அவள் பங்குக்கும் குறைவில்லை. ஊருக்கு உபதேசம் செய்ய இரண்டு பேருக்குமே வாயில்லை.

காலையிலேயே சட்டம் போட்டாகிவிட்டது. அவரவர் சாமானை அவரவர்தான் எடுக்க வேண்டும். அடுத்தவர் சாமானில் கை வைக்கக் கூடாது, "இது எதுக்கு?" என்று கேட்கவும் கூடாது.

இது அந்த வீட்டின் பழைய சட்டம்தான். இருவருக்குமே இது இரண்டாம் கல்யாணம். அவர் முதல் மனைவியை நோய்க்குக் கொடுத்தவர். அவள் முதல் கணவனை ஒரு விபத்தில் இழந்தவள். பதிவு அலுவலகத்தின் படியில் வைத்தே பேசி முடித்துவிட்டார்கள்: பழசைக் கிளற வேண்டாம், ஒருத்தர் புண்ணை ஒருத்தர் நோண்ட வேண்டாம். நல்ல மனசோடு போட்ட ஒப்பந்தம். ஆனால் நல்ல மனசு சில சமயம் பெரிய தொந்தரவு.

தொந்தரவு அந்தப் பெட்டி உருவத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

ஷெட்டின் பின்மூலையில் ஒரு அட்டைப்பெட்டி. சுற்றிலும் பழுப்பு டேப். மேலே மையால், "உடையும், கவனம்" என்று எழுதியிருந்தது. அது கேக்காரம்மாவின் கையெழுத்தும் இல்லை, மெக்கானிக்கின் கையெழுத்தும் இல்லை. என்ன எழுத்து அது! ஒவ்வொன்றும் உருண்டு திரண்டு, கேக் மேல் க்ரீமில் எழுதியது போல இருந்தது. இவளுக்கே அப்படி எழுத வராது.

அது அந்த அக்காவின் கையெழுத்து என்று இவளாக முடிவு செய்து பல வருஷமாகிறது. முதல் மனைவியை மனதுக்குள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அந்த இரண்டே வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஒரு முழு மனுஷியையே கட்டி எழுப்பியிருந்தாள். அக்காவின் அலமாரி கலையாது. அக்காவின் கேக் நடுவில் அமுங்காது. அக்கா சத்தம் போட்டுப் பேசமாட்டாள். போதாததற்கு, மெக்கானிக் அந்தப் பெட்டிக்கு அடியில் பலகை வைத்திருந்தார். கல்யாணப் புடவைகள் வைத்த இவளுடைய டிரங்க் பெட்டி வெறும் தரையில் கிடந்து துருப்பிடித்தது. அதற்கு ஒரு செங்கல்கூட வைத்தவரில்லை. ஒருநாள் கூரை ஒழுகியபோது, இவளே போய் அந்தப் பெட்டியின் மேல் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திவிட்டு வந்தாள். போர்த்தும்போது அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. உள்ளே என்னதான் இருக்கிறது? இவளால் எட்ட முடியாத எந்தப் பொக்கிஷத்தை இந்த மனுஷன் பத்திரப்படுத்துகிறார்? அது தெரியாமல் இந்த வீட்டில் தான் பாதி ஆள்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

மதியத்துக்குள் ஷெட் முக்கால்வாசி காலி. வாளிப் பட்டன்கள்கூட விடைபெற்றன. பெட்டி மட்டும் அசையவில்லை. இவள் பெருக்குமாற்றோடு அதைச் சுற்றி வந்தாள். அவரும் துடைப்பான் துணியோடு சுற்றி வந்தார். பூனைக்கு யார் மணி கட்டுவது?

கடைசியில் அவர்தான் தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, ஓவன் அந்த மூலையிலதான் நிக்கணும். அத... மாடிக்குக் கொண்டு போயிரலாமா? நான் தூக்குறேன். நீ பயப்படாத, பத்திரமா வெப்பேன்."

"நான் ஏங்க பயப்படணும்? உங்க சாமான். எங்க வெக்கணுமோ வெச்சுக்கோங்க."

"என் சாமானா?"

"பின்ன?"

"அது உன்னுதில்லையா?"

பெருக்குமாறு கையிலிருந்து நழுவியது. "என்னுதா? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நாம மொதல்ல குடிபோன வீட்டுல சாமான் எறக்குன அன்னிக்கு அங்க இருந்துச்சு. உன்னோட அவரு, போயிட்டாரே, அவரு எழுதுனதுன்னு நெனச்சேன். இவ்ளோ அழகா எழுதுற மனுஷன்..." என்று இழுத்தார். "என் எழுத்து கோழி கெளறுன மாதிரி இருக்கும். இத பாக்குறப்பல்லாம் கொஞ்சம் வயித்தெரிச்சலாக்கூட இருக்கும், போ."

கேக்காரம்மா நேரே பெட்டியிடம் போனாள். கத்தியை எடுத்து டேப்பைக் கிழித்தாள். சட்டமாவது ஒன்றாவது. அவர் தடுக்கவும் இல்லை. கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

உள்ளே குளியலறை டைல்ஸ். வெளிர் பச்சை. அவர்கள் முதலில் வாடகைக்கு இருந்த வீட்டின் குளியலறையில் ஒட்டியிருந்த அதே டைல்ஸ். உடைந்தால் மாற்றுவதற்கென்று அந்த வீட்டின் சொந்தக்காரர் மிச்சம் வைத்துவிட்டுப் போனது. அதைத்தான் இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தூக்கி, லாரியில் ஏற்றி, பலகை போட்டு, போர்த்தி, குலதெய்வம் போலக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

முதலில் அவர்தான் சிரித்தார். அப்புறம் இவள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு காலித் தரையிலேயே இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

"அப்ப அக்காவோட சாமான்லாம் எங்க?" சிரிப்பு அடங்கியதும் கேட்டாள். கேட்டபிறகுதான், இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் கேள்வி என்று உறைத்தது.

"எதுவுமே இல்ல. எல்லாத்தையும் அவ தங்கச்சிக்கிட்ட குடுத்துட்டேன். நீ வர்ற வீட்டுல அதெல்லாம் கெடந்தா உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு." தயங்கினார். "அவரோடது?"

"நானும்தான். ஒரு சட்டைய மட்டும் வெச்சுக்கலாம்னு ஆச இருந்துச்சு. அதையும் கொடுத்துட்டேன். உங்க வீட்டுல அதுக்கு ஏது எடம்னு நெனச்சேன்."

அவர் மூலையைப் பார்த்தார். ஷெட்டிலேயே தரை ஈரம் ஏறாத இடம் அதுதான்.

"எடம் இருந்துச்சேம்மா," என்றார். "அவருக்குன்னுதான் விட்டு வெச்சிருந்தேன்."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கொடுத்துவிட்ட சட்டைக்காகவா, டைல்ஸுக்குப் பலகை போட்ட இந்த மனுஷனுக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டுக்கும்தான். அவர் துடைப்பான் துணியை நீட்டினார். அதன் அழுக்கைப் பார்த்துவிட்டுத் தன் சட்டை நுனியை நீட்டினார்.

"அவர் பேரு என்ன? நம்ம கல்யாணத்தப் பதிவு பண்ணுன பேப்பர்ல ஒரு தடவ பாத்தேன். நீ சொல்லிக் கேட்டதில்ல."

அவள் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள். அந்த வீட்டுக்குள் அந்தப் பெயர் கேட்டது அதுவே முதல் தடவை.

மெக்கானிக் அதைத் தானும் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு காலை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டு, "அவருக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?" என்று கேட்டார்.